மூங்கில் தட்டியை விலக்கச் சொன்ன சந்திரப்பிரபா அம்மா

மலருக்கு ஒரு பெரிய பெண்மணியின் வாழ்க்கையை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாங்க. ஜான்சி ராணியைப் பற்றியும் அன்னை தெரசாவைப் பற்றியும் எழுத நிறைய பேர் இருப்பாங்க. நான் அசாமில் பிறந்த சந்திரப்பிரபா சைக்கியானி அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு முன்னாடி அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தும் துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். அது தெரிந்தால்தான் இந்த அம்மா செய்த வேலையின் அருமை புரியும்.

அசாம் பெண்கள் கட்டுவது மேகலா சாதர். பார்த்தால் புடவை மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு துண்டு. இடுப்புக்குக் கீழே கட்டுவது மேகலா. பாவாடை போல வளையமாகத் தைத்திருப்பாங்க, நாடா கிடையாது, மடித்து மடித்து இடுப்பில் செருகணும். மேலே தாவணி போலச் சுற்றுவது சாதர். நம்ம மேகலை என்ற சொல்லும் இந்த மேகலாவும் ஒரே சொல்தான். அங்கே பட்டிலேயே மூன்று வகை உண்டு. வெள்ளையாக வருவது பாட். ஆமணக்கு இலை தின்னும் புழுவிலிருந்து வருவது எரி, குளிருக்கு நல்ல கதகதப்பு. மூகா என்பது சாயம் போடாமலே தங்க நிறமாக இருக்கும், துவைக்கத் துவைக்கப் பளபளப்பு கூடும் என்று சொல்வாங்க. நம்ம பட்டுப்புடவையைத் தண்ணியில் நனைக்கவே எவ்வளவு பயப்படுகிறோம்!

நெசவு அங்கே ஒரு சாதிக்கென்று ஒதுக்கிய தொழில் இல்லை. பணக்கார வீடு, ஏழை வீடு என்று பார்க்காமல் பெண்கள் தறியில் உட்காருவாங்க. நெய்யத் தெரியாத பெண்ணை யார் கட்டிக்குவாங்க என்று கேட்பது அந்தக் காலத்து வழக்கம். சித்திரையில் வரும் பிஹு பண்டிகைக்குத் தன் கையால் நெய்த துண்டைப் பெரியவர்களுக்குக் கொடுத்து வணங்கணும். 1921ல் காந்தி அங்கே போனபோது, வீட்டுக்கு வீடு தறி இருப்பதைப் பார்த்துப் பாராட்டி எழுதினார்.

இவ்வளவு கைவேலை தெரிந்த பெண்களுக்கு ஊர்க் கூட்டத்தில் என்ன இடம் தெரியுமா? மூங்கில் தட்டிக்குப் பின்னாடி. முன்னால் ஆண்கள், மறைவில் பெண்கள். அவங்க நெய்த துணியைப் போட்டுக்கொண்டு ஆண்கள் மேடையில் பேசுவாங்க, அவங்க மறைவில் உட்கார்ந்து கேட்கணும்.

சந்திரப்பிரபா அம்மா 1901 மார்ச் 16ல் காமரூப் மாவட்டத்தில் தைசிங்காரி என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா ஊர்த் தலைவர், பெயர் ரதிராம் மஜும்தார். அம்மா கங்காப்பிரியா. பதினொரு பிள்ளைகளில் ஏழாவது. வைத்த பெயர் சந்திரப்பிரியா, பிறகு தானே சந்திரப்பிரபா என்று மாற்றிக்கொண்டார். பெயரைக்கூட தானே வைத்துக்கொண்ட பெண்! ஊரில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லாததால் தங்கை ரஜனிப்பிரபாவோடு சேற்றிலும் தண்ணியிலும் இறங்கி நடந்து, தூரத்தில் இருந்த ஆண்கள் பள்ளிக்குப் போனார். அந்தத் தங்கைதான் பிறகு அசாமின் முதல் பெண் டாக்டர் ஆனார். சந்திரப்பிரபா பதிமூன்று வயசு ஆனபோது, தான் படித்ததை ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகையில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்த பள்ளி ஆய்வாளர் ஒருவர், இரண்டு பேருக்கும் நாகாவ் மிஷன் பள்ளியில் உதவித்தொகையோடு படிக்க வழி செய்தார்.

1918ல், பதினேழு வயசில், தேஜ்பூரில் நடந்த மாணவர் மாநாட்டில் அபினுக்கு எதிராகப் பேசினார். அப்போது அசாமில் அபின் எத்தனையோ குடும்பத்தைச் சீரழித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு நம்ம ஊரில் சாராயம் செய்கிற வேலையை அங்கே அபின் செய்தது. பிறகு காந்தியின் இயக்கம் வந்தபோது அந்நியத் துணி வேண்டாம், நம் கையால் நூற்று நெய்வோம் என்று பெண்களைத் திரட்டினார்.

அவர் சொந்த வாழ்க்கையில் பெரிய அடி விழுந்தது. ஒரு எழுத்தாளரை விரும்பினார். அவர் இவரைக் கல்யாணம் செய்யாமல் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். இவருக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண் வெளியே தலைகாட்ட முடியுமா? இந்தக் காலத்திலேயே கஷ்டம். அவர் பிள்ளையை மறைக்கவும் இல்லை, யாரிடமும் கொடுத்துவிடவும் இல்லை. ஆசிரியை வேலை பார்த்துத் தனியாக வளர்த்தார். ஊர் பேசுவதைப் பேசிக்கொண்டுதான் இருந்தது. என்னைக் கேட்டால் அவர் மேடையில் பேசியதைவிட இதுதான் பெரிய தைரியம்.

1925ல் நாகாவில் அசாம் சாகித்திய சபை மாநாடு. வழக்கம் போலப் பெண்கள் தட்டிக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தாங்க. மேடை ஏறிய சந்திரப்பிரபா, தட்டியை விட்டு வெளியே வாருங்கள் என்று பெண்களைக் கூப்பிட்டார். பெண்கள் எழுந்து தட்டியைத் தள்ளிவிட்டு வந்து எல்லோரோடும் உட்கார்ந்தாங்க. எத்தனை மாமியார், எத்தனை வீட்டுக்காரர் முறைத்திருப்பாங்களோ!

அடுத்த வருஷமே, 1926ல், அசாம் பிரதேச மகளிர் சமிதியைத் தொடங்கினார். நம்ம குழுக்கள் மாதிரி ஊர் ஊராகக் கிளைகள். பெண் படிப்பு, குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது, கைத்தறி, கைத்தொழில் எல்லாம் அதன் வேலை. அவங்களுக்குக் கையில் தறி ஏற்கெனவே இருந்தது. சேர்ந்து உட்கார ஒரு இடமும், தைரியமாகப் பேச ஒரு வாயும் சமிதி கொடுத்தது. கிளைகளைப் பார்க்க அந்த அம்மா சைக்கிளில் போவார். சேலை மாதிரி துணி கட்டிக்கொண்டு, மழையில் சேறாகிற அந்த ஊர்ப் பாதைகளில்!

சட்டமறுப்பு இயக்கத்தில் 1930லும், மறுபடி 1943லும் ஜெயிலுக்குப் போனார். ஹாஜோ ஊரின் ஹயக்ரீவ மாதவர் கோயிலில் எல்லாச் சாதியாரும் நுழையணும் என்று போராடினார். நாவல் எழுதினார், பத்திரிகை நடத்தினார். சுதந்திரம் வந்த பிறகு 1957 தேர்தலில் நின்றும் பார்த்தார்.

1972ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தாங்க. அதே வருஷம் மார்ச் 16ல், தன் பிறந்தநாளிலேயே, காலமானார். 2002ல் அவர் படத்தோடு தபால்தலை வந்தது. குவஹாத்தியில் பெண்கள் படிக்கும் பாலிடெக்னிக் ஒன்றுக்கு அவர் பெயர்தான்.