காடு தேடிய தூரிகை: ஓவியர் சாமுவேல் டேனியல்

ஓர் ஓவியரின் வரலாற்றைப் படிக்கும்போது, அவருடைய ஆசான் யார், எந்தப் பள்ளியில் பயின்றார் என்றே நாம் முதலில் கேட்கிறோம். எந்த வழியில் நடந்தார் என்று கேட்பதில்லை. ஆனால் சிலருக்கு நடந்த வழியே ஆசானாக அமைந்துவிடுகிறது. அத்தகையோருள் ஒருவர் சாமுவேல் டேனியல். 1775இல் பிறந்த இந்த ஆங்கில ஓவியர், இளமையில் ஆப்பிரிக்காவின் வெட்டவெளிகளில் அலைந்தார். பின்னர் இலங்கைக் காடுகளில் அலைந்தார். 1811 டிசம்பரில், 36 வயதில், அந்தத் தீவிலேயே மறைந்தார். வாழ்ந்த காலம் குறைவு. ஆனால் இருநூறு ஆண்டுகள் கடந்த பின்பும் ஓவியக் கலைஞர் மட்டுமல்லர், விலங்கியலாரும் வரலாற்று ஆசிரியர்களும் அவர் படங்களைத் தேடிச் செல்கின்றனர். காரணம் என்ன?

பயணிகளின் குடும்பம்

டேனியல் குடும்பம் செல்வக் குடும்பம் அன்று. இங்கிலாந்தின் செர்ட்சி என்னும் ஊரில் வழிப்போக்கர் தங்கும் விடுதி ஒன்றை நடத்தி வந்த குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் மூன்று ஓவியர்கள் தோன்றினார்கள். முதல்வர் தாமஸ் டேனியல். சாமுவேலின் தந்தையுடன் பிறந்தவர். இரண்டாமவர் வில்லியம் டேனியல்; சாமுவேலின் தமையனார். மூன்றாமவரே நம் கதைத் தலைவர்.

1785இல் தாமஸ், 16 வயது வில்லியத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது சாமுவேல் பத்து வயதுச் சிறுவன். சென்ற இருவரும் 1794இல்தான் நாடு திரும்பினர். இடையில் அவர்கள் கால் படாத இடம் குறைவு. 1792இல் தமிழகத்தின் தென்கோடி வரை வந்தார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தை வரைந்தார்கள்; களக்காட்டுக்கு அருகில் நின்று குமரி முனையை நோக்கிய மலைக்காட்சியைத் தீட்டினார்கள்; பாபநாசம் அருவியைப் படமாக்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் தென்காசி வழியாக நாம் சில மணி நேரத்தில் சென்று குளித்துவிட்டுத் திரும்பும் அதே பாபநாசந்தான்! இப்படங்கள் 1795 முதல் 1808 வரை 144 அச்சுப் படங்கள் கொண்ட பெருந்தொகுதியாக இலண்டனில் வெளிவந்தன.

சாமுவேல் தாமஸ் மெட்லண்ட் என்பவரிடம் ஓவியம் பயின்றார். 1793 முதல் இராயல் அக்காதெமியின் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. தமையனார் திரும்பியபோது அவருக்கு வயது 19. மூட்டை மூட்டையாக வந்திறங்கிய ஓவியங்கள், மலை, கோயில், கடல், காடு என்று நீளும் கதைகள். இவற்றுக்கு நடுவே ஓர் இளம் ஓவியரின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இந்தியாவுக்கே போய், உறவினர் வகுத்த பாதையில் எளிதாக நடந்திருக்கலாம். அவரோ வேறு திசையில் திரும்பினார். 1799இன் இறுதியில், 24 வயதில், ஆப்பிரிக்காவின் தென்முனையான நன்னம்பிக்கை முனையில் வந்து இறங்கினார்.

ஆப்பிரிக்கா தந்த கண்

நன்னம்பிக்கை முனை அப்போது ஆங்கிலேயர் வசம் இருந்தது. எல்லைப்புறத்தில் கோசா மக்களோடு போர் மூண்டிருந்தது. குடியேற்றத்தில் ஆடுமாடுகளுக்குப் பெரும் பற்றாக்குறை. ஆகவே வடக்கே தொலைவில் வாழும் மக்களிடம் கால்நடை வாங்கி வர 1801இல் அரசு ஒரு குழுவை அனுப்பியது. ட்ரூட்டர், சாமர்வில் என்ற இருவர் அதன் தலைவர்கள். சாமுவேல் டேனியல் அதன் செயலாளரும் ஓவியரும் ஆனார்.

மாடுகள் பூட்டிய பெருவண்டிகளில், நீரற்ற நிலங்களையும் ஆரஞ்சு ஆற்றையும் கடந்து குழு சென்றது. இறுதியில் த்லாபிங் மக்களின் தலைநகரான தித்தாகோங் என்னும் ஊரை அடைந்தது. ஆப்பிரிக்காவின் உட்பகுதியில் காடும் விலங்கும் தவிர வேறொன்றும் இல்லை என்று ஐரோப்பாவில் பலர் நம்பியிருந்த காலம் அது. அங்கே ஆயிரக்கணக்கானோர் வாழும் ஒரு நகரம் இருந்தது! வட்ட வடிவ வீடுகள், அவற்றைச் சூழ்ந்த வேலிகள், நிழல் தரும் கூரைகள். சாமுவேல் கண்டதைக் கண்டபடி வரைந்தார். பொய்யான நம்பிக்கை ஒன்றை உடைக்க அந்த ஒரு படமே போதுமானது.

அவர் விலங்குகளை வரைந்த முறையும் புதியது. அக்காலத்து ஓவியர் பலர் அயல்நாட்டு விலங்கை வரைய வேண்டுமானால், கூண்டில் அடைபட்ட ஒன்றையோ, வைக்கோல் திணித்த தோலையோ பார்த்து வரைவார்கள். சாமுவேல் அவற்றை அவை வாழும் மண்ணில் கண்டார். நீர்யானையை ஆற்றோடும், ஒட்டகச்சிவிங்கியைத் திறந்த வெளியோடும் சேர்த்து வரைந்தார். விலங்கை அதன் நிலத்திலிருந்து பிரித்தால் அது பாதி விலங்கே என்ற உண்மையைப் பயணமே அவருக்குக் கற்றுக் கொடுத்தது. மனிதரையும் அவ்வாறே கண்டார். கோரா மக்கள் தம் பாய்க்குடிசைகளைப் பிரித்து, எருதுகளின் மேல் ஏற்றி, இடம் பெயரும் காட்சி அவருடைய சிறந்த படங்களில் ஒன்று.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்கலாகாது. சாமுவேல் தம் காலத்தின் பிள்ளை. மண்ணை ஆள வந்தவர்களின் வண்டியில் ஏறித்தான் அவர் காட்டுக்குள் போனார். அம்மக்களைக் குறிக்க அவர் படங்களின் அடியில் அச்சிடப்பட்ட சில பெயர்கள் இன்று இழிசொற்களாகக் கருதப்படுகின்றன. சொற்கள் அந்தக் காலத்துச் செருக்கைச் சுமக்கின்றன. கோடுகளோ பெரும்பாலும் கண்ட உண்மையைச் சுமக்கின்றன. படிப்பவர் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

செப்புத் தகட்டில் ஒரு கண்டம்

நாடு திரும்பிய சாமுவேல், 1804–1805இல் ஆப்பிரிக்க நிலக்காட்சிகளும் விலங்குகளும் அடங்கிய 30 படங்களைப் பெரிய அளவில் வெளியிட்டார். அச்சுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசிக்கு அருகில் வாழும் நமக்கு அக்காலத்து அச்சுமுறை வியப்பளிக்கும். செப்புத் தகட்டின் மேல் பிசின்பொடியைத் தூவி, அமிலத்தால் சிறிது சிறிதாக அரிக்கவைத்து, மைபூசி ஒவ்வொரு தாளாக அழுத்தி எடுப்பார்கள். நிழலும் ஒளியும் நீர்வண்ணம் போலப் பதியும். பிறகு படந்தோறும் கையால் வண்ணம் தீட்டுவார்கள். ஒரு தொகுதி முடிய மாதக்கணக்கில் உழைக்க வேண்டும்.

இத்தொகுதி வெளிவந்ததும் சாமுவேல் இலண்டனிலேயே தங்கிவிட்டிருக்கலாம். பெரிய மனிதர் வீட்டுச் சுவர்களுக்குப் படம் வரைந்து சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் திறந்த வெளியில் பழகிய கண்ணுக்கு நகரத்துச் சாளரம் போதுமா? 1805இல் மீண்டும் கப்பல் ஏறினார். இம்முறை இலங்கைக்கு.

இலங்கைக் காட்டில்

இலங்கையின் கரையோரப் பகுதிகள் அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தன. மலைநாட்டில் கண்டி அரசு 1815 வரை தனித்து நின்றது. சர் தாமஸ் மெயிட்லண்ட் ஆளுநராக இருந்தார். சாமுவேலுக்குக் காடுகளைக் கண்காணிக்கும் பதவி ஒன்று கிடைத்தது. காட்டைக் காக்கவே ஊதியம். அவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

யானைகளையும் மான்களையும் பறவைகளையும், தாளிப்பனைகளையும், தீவின் பல்வகை மக்களையும் அவர் இடைவிடாது வரைந்தார். திருக்கோணமலைத் துறைமுகத்தைக் கோட்டையின் உயரத்திலிருந்து தீட்டிய படம் புகழ்பெற்றது. 1808இல் இலங்கைக் காட்சிகள் 12 படங்களாக இலண்டனில் வெளிவந்தன. ஆப்பிரிக்காவில் கற்ற அதே முறைதான் இங்கும்: வீட்டுக்குள் இருந்து கற்பனை செய்யாமல், காட்டுக்குள் சென்று காண்பது.

அந்த முறையே அவர் உயிரையும் கொண்டுபோயிற்று. சதுப்பு நிலங்களிலும் மழைக்காடுகளிலும் தங்கி வரைந்து வந்தவரைக் காய்ச்சல் பற்றியது. 1811 டிசம்பரில் அவர் வாழ்க்கை முடிந்தது.

தம்பி விட்டுச் சென்ற பணியைத் தமையனார் கைவிடவில்லை. சாமுவேலின் தென்னாப்பிரிக்கக் கோட்டோவியங்களிலிருந்து 48 படங்களைத் தம் கையாலேயே தகட்டில் செதுக்கி, 1820இல் வில்லியம் நூலாக்கினார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த தம்பிக்கு அண்ணன் எழுப்பிய நினைவுச்சின்னம் அது.

மறைந்துபோன விலங்கின் சாட்சி

சாமுவேல் ஆப்பிரிக்காவில் வரைந்தவற்றுள் குவாகா என்னும் விலங்கின் படமும் ஒன்று. வரிக்குதிரை இனம், கழுத்திலும் முன்னுடலிலும் மட்டுமே வரிகள், பின்பகுதி பழுப்பு நிறம். அவர் காலத்தில் மந்தை மந்தையாக மேய்ந்து திரிந்தது. குடியேறியவர்கள் தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் மேய்ச்சல் நிலத்துக்காகவும் அதைச் சுட்டுத் தள்ளினார்கள். 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் கடைசிக் குவாகா இறந்தது. எண்பது ஆண்டுகளுக்குள் ஓர் இனமே அழிந்தது! இன்று அது எப்படி நின்றது, எப்படி மேய்ந்தது என்று அறிய விரும்புவோர் திரும்பிப் பார்க்கும் படங்களில் சாமுவேலின் படமும் உண்டு. ஒரு விலங்கு அழியும் என்று எண்ணி அவர் வரையவில்லை. கண்டதை உண்மையாக வரைந்தார்; அவ்வளவே. காலம் அதைச் சாட்சியம் ஆக்கியது.

இச்செய்தி நமக்குத் தொலைவானது அன்று. நம் ஊர்களுக்கு மேற்கே, செண்பகத்தோப்பிலிருந்து ராஜபாளையம் அய்யனார் கோயில் அருவி வரை நீளும் மலைக்காடுகளில் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இவ்வினம் இல்லை. 1988இல் இதற்கெனச் சரணாலயம் அமைந்தது. 2021இல் இக்காடு புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. ஆனால் காப்பகம் என்று பலகை நட்டுவிட்டால் காடு பிழைத்துவிடுமா? பார்க்கும் கண்களும் பதிவு செய்யும் கைகளும் வேண்டாமா?

மாணவ நண்பர்களே! ஆப்பிரிக்கா செல்ல நமக்கு வாய்ப்பு இல்லாமல் போகலாம். பேருந்தில் ஏறினால் அரை மணியில் மலையடிவாரம். மரத்தின் பெயர், பறவையின் நிறம், மலையில் வாழும் பளியர் மக்கள் தேன் எடுக்கும் முறை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். வரையத் தெரிந்தவர் வரைவோம். இன்று சாதாரணமாகத் தோன்றும் அந்தக் குறிப்பு, நாளை ஒரு தலைமுறைக்குக் கிடைக்கும் ஒரே சான்றாக இருக்கக்கூடும். 24 வயதில் புறப்பட்ட ஓர் இளைஞரின் தூரிகை நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.