குழந்தைகட்குக் கலைக்களஞ்சியம் தந்த தூரன்

குழந்தை வினவுங்கால் விடை பகர வீட்டில் ஒருவர் வேண்டும். அவர் இல்லையேல் ஒரு நூலாவது வேண்டும். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தும் ஆலைகளில் உழைத்தும் வாழ்ந்த நம் முன்னோருட் பலர்க்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்தது. அவர்தம் பிள்ளைகள் நாள்தோறும் கப்பலைக் கண்டனர். அஃது ஏன் மிதக்கின்றது என்று சொல்ல வீட்டில் எவருமிலர். அத்தகைய பிள்ளைகட்கும் உதவும் நூலை ஆக்கியவருள் தலையாயவர் பெரியசாமித் தூரன்.

இவர் 1908 செப்டம்பர் 26ஆம் நாள், ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டு வலசில் உழவர் குடியிற் பிறந்தார். இயற்பெயர் பெரியசாமி. தம் குலப்பெயராகிய தூரன் என்பதையே புனைபெயராகக் கொண்டார். சென்னையிற் கல்லூரி மாணவராயிருந்த காலத்தில், 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டமை கண்டு உளம் நொந்து, பட்டத் தேர்வை எழுதாது துறந்தார். பின்னர்க் கோவை இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராகிப் பிள்ளைகளின் உள்ளத்தை அணுகி அறிந்தார். குழந்தை உள்ளம், தாழ்வு மனப்பான்மை முதலிய உளவியல் நூல்கள் அவ்வறிவின் பயனாகும்.

தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்திற்கு முதன்மைப் பதிப்பாசிரியராகிப் பத்துத் தொகுதிகளை 1954 முதல் 1968 வரை வெளிக்கொணர்ந்தார். அவ்வளவில் ஓய்ந்தாரல்லர். குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக முடித்தார். அகரவரிசையும் எளிய தமிழும் படங்களும் அமைந்தமையால், எழுத்தறிந்த குழந்தை பிறர் துணையின்றித் தானே விடை தேடலாயிற்று. 1968இல் பத்மபூஷண் விருது பெற்ற தூரன், 1987 சனவரி 20ஆம் நாள் மறைந்தார்.

அவர் நம் சமூகத்தில் தோன்றியவரல்லர். குலப்பெயரைத் தாங்கியவர் ஆக்கிய அந்நூலோ, தன்னைத் திறப்பவர் எக்குலத்தவர் என்று வினவுவதில்லை. நாம் அவரை நினைவுகூர்தற்குக் காரணம் இதுவே. ஆயினும் நூல் வினவாததை நூலைக் காப்போர் வினவியதுண்டு. பேழையிற் பூட்டிய நூல், அச்சேறாத நூலுக்கு ஒப்பாகும்.

அத்தொகுதிகளிலுள்ள செய்திகள் சில இன்று பழமையெய்தியிருக்கலாம். தானே தேடி அறியும் வழக்கம் பழமையெய்தாது. இன்று அத்தொகுதிகளைக் கணினி வழியாகவும் படிக்க இயலும். எனினும் மாலைப் பொழுதில் பிள்ளைகள் கூடியிருந்து புரட்டுதற்கு ஒரு நூலகம் இன்றியமையாதது. வெள்ளிவிழாக் காணும் நம் சங்கம், தன் நூற்பேழையின் திறவுகோலைப் பிள்ளைகள் கையில் ஒப்படைக்குமாயின், அதுவே தூரனுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.