வாக்கு மாறாத மனுஷன்: சுவார்ட்ஸ் ஐயருடைய ஜீவியம்



தெப்பக்குளத்துப் பக்கம் துணிமணி எடுக்கப் போகாதவர்கள் நம் சபையில் யாருமில்லை. அங்கே கூட்டத்துக்கு நடுவே கிறிஸ்து ஆலயம் என்று ஒரு பழைய கோவில் நிற்கிறது. எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறோம்? 1766-ம் வருஷம் பிரதிஷ்டையான ஆலயம் அது. அதைக் கட்டின தேவ மனுஷன் கிறிஸ்டியன் பிரடெரிக் சுவார்ட்ஸ். அந்தக் காலத்து ஜனங்கள் மிஷனெரிமாரை ஐயர் என்று அழைப்பார்கள், ஆகையால் நானும் சுவார்ட்ஸ் ஐயர் என்றே எழுதுகிறேன்.

1726-ல் பிரஷ்யா தேசத்தில் சொன்னன்பர்க் என்கிற சிற்றூரில் பிறந்தார். பிள்ளை கைக்குழந்தையாய் இருக்கும்போதே தாய் மரித்துப்போனாள். மரிக்கும் முன்னே புருஷனையும் போதகரையும் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையைக் கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்டேன், அவன் ஊழியத்துக்குப் போக ஆசைப்பட்டால் தடை செய்யாதேயுங்கள் என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். அன்னாளைப் போல ஒரு தாய்! பிறகு ஹாலே பட்டணத்தில் படித்தார். தமிழ் வேதாகமத்தை அச்சிடுகிற வேலைக்கு உதவியாக அங்கேயே தமிழ் கற்றுக்கொண்டார். தரங்கம்பாடிக்கு ஆள் தேவை என்று அழைப்பு வந்தபோது, தகப்பன் சொத்தில் தனக்கு வரவேண்டிய பாகத்தைக் கூடப்பிறந்தவர்களுக்கே விட்டுவிட்டுக் கிளம்பினார். 1750-ல் வந்து சேர்ந்து, நாலு மாசத்துக்குள் சீகன்பால்கு கட்டின ஆலயத்தில் தமிழில் பிரசங்கம் பண்ணினார்.

1762-ல் நடந்தே திருச்சிக்கு வந்தார். அப்போது நம்ம ஊர் எப்படி இருந்தது தெரியுமா? பத்து வருஷத்துக்கு முன்னேதான், 1752-ல், பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபும் ஸ்ரீரங்கம் கோவில் மதில்களுக்குள்ளே புகுந்து முகாம் போட்டு, ஆங்கிலேயர் வளைத்துக்கொள்ளச் சரணடைந்தார்கள். சந்தா சாகிப் தலை போயிற்று. வருஷக்கணக்காக இரண்டு ஆற்றங்கரையிலும் பீரங்கிச் சத்தம்தான். வெள்ளைக்காரன் என்றால் துப்பாக்கி, சாராயம், கொள்ளை என்றே ஜனங்கள் கண்டிருந்தார்கள். கிறிஸ்தவன் என்றாலும் அதே அர்த்தம்தான் அவர்களுக்கு.

இதை ஐயருக்கு முகத்துக்கு நேராகவே ஒரு பெண் சொன்னாள். நாட்டியம் கற்றுக்கொடுக்கிற ஒருவரும் அவரிடம் கற்கிற பெண்ணும் எதிரே வந்தபோது, பரிசுத்தமில்லாதவர்கள் ஒருவரும் பரலோகத்தில் பிரவேசிக்க முடியாது என்று ஐயர் அவர்களுக்குப் போதித்தார். அந்தப் பெண் யோசித்துவிட்டு, அப்படியானால் ஐரோப்பியர் ஒருத்தரும் அங்கே போகமாட்டார்களே ஐயா என்றாள். என்ன பதில் சொல்வது? வாயால் சொல்லுகிற பதில் எடுபடாது என்று அவருக்குத் தெரியும். மீதி முப்பத்தாறு வருஷ ஜீவியமே அவர் சொன்ன பதில் என்பது என் எண்ணம்.

திருச்சியில் அவர் இருந்தது ஒரு பழைய கட்டடத்தில் ஒரே அறை. கட்டிலும் ஆளும் இருந்தால் நிறைந்துபோகும். சோறும் காய்கறியும் நம்ம ஊர்ப் பக்குவத்தில் சமைத்தது. கறுப்புச் சாயம் போட்ட சாதாரணப் பருத்தி அங்கி. வருஷத்துக்கு ஏறக்குறைய 48 பவுன் வருமானம். பிற்பாடு ஆங்கிலப் படைக்குப் போதகராக இருந்ததற்காக அரசாங்கம் வருஷம் 100 பவுன் கொடுத்தபோது, பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்கும் சபைக்கும் போயிற்று. கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிப்பாய்கள் செத்தபோது, அநாதையாய்ப்போன பிள்ளைகளைச் சேர்த்துத்தான் பள்ளியை ஆரம்பித்தார். 1764-ல் மதுரை முற்றுகையில் காயம்பட்டவர்களைப் போய்ப் பராமரித்தார். அதற்காக நவாப் கொடுத்த பணமும் ஊழியத்துக்கே போனது. நவாபின் ஆட்களோடு பேசப் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். இப்போது ஒரு வார்த்தை மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் கூட்டத்தையே ரத்து பண்ணுகிறோம்!

அவர் லுத்தரன் சபைக்காரர். அபிஷேகத்தைக் குறித்து நாம் பேசுகிறபடி அவர் பேசினவர் அல்ல. ஞானஸ்நான விஷயத்திலும் நமக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சபைக்குள் சாதி வித்தியாசத்தை அவர் உடைத்தெறியவில்லை. ஆலயத்தில் தனித்தனியாக உட்காருகிற வழக்கத்தைப் பொறுத்துக்கொண்டார், காலப்போக்கில் கரைந்துவிடும் என்று நம்பினார். கரையவில்லை. 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் கண்டிப்பாகத் தடை செய்தபோது தஞ்சாவூர்ச் சபையில் பெரிய கலகமே உண்டாயிற்று. முளையிலே கிள்ளியிருக்க வேண்டும். நம்முடைய சபைகளிலும் கல்யாணப் பேச்சு வரும்போது எது தலைதூக்குகிறது என்று நமக்கே தெரியும், அதிகம் எழுதவில்லை.

ஆனால் அவர் விட்டுக்கொடுக்காத இடமும் உண்டு. கிளாரிந்தா அம்மையாரின் சரித்திரம் உங்களில் பலருக்குத் தெரியும். மராட்டிய பிராமணக் குடும்பத்தில் பிறந்த விதவை, லிட்டில்டன் என்கிற ஆங்கில அதிகாரியோடு கல்யாணமில்லாமல் வாழ்ந்து வந்தாள். ஞானஸ்நானம் கேட்டாள். ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி மரித்தபின், 1778-ல் பாளையங்கோட்டையில் கொடுத்தார். அவள் மனம் கசந்து போய்விடவில்லை. அவள் முயற்சியால் அங்கே ஒரு ஆலயம் எழும்பி, 1785-ல் சுவார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை பண்ணினார்.

1779-ல் சென்னைக் கவர்னர் தாமஸ் ரம்போல்டு அவரை அழைத்து, மைசூர் ஐதர் அலியிடம் சமாதானத் தூது போகக் கேட்டார். ஐதர் அலிக்கு ஆங்கிலேயர் பேச்சில் நம்பிக்கை கிடையாது. அந்தப் பாதிரியை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்றமாட்டார் என்பதே அவருடைய எண்ணம். ஐயர் ஜெபித்து, யுத்தம் தவிர்க்கப்படுமானால் போகிறேன் என்று போனார். நம்ம ஸ்ரீரங்கத்தைச் சுற்றி ஓடுகிற அதே காவேரிதான் மேலே ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் தீவாக்கியிருக்கிறது. வழியெல்லாம் பிரசங்கித்துக்கொண்டே போனார், கோட்டைக்குள்ளும் தடையில்லை.

திரும்பும்போது வழிச்செலவுக்கென்று ஐதர் அலி 300 ரூபாய் பை ஒன்று கொடுத்தார். ஏற்கெனவே செலவுக்கு இருக்கிறது, வேண்டாம் என்று பார்த்தார், மறுக்க முடியவில்லை. நாமாயிருந்தால் கர்த்தர் தந்தார் என்று சாட்சி சொல்லி மேஜை வாங்கியிருப்போம்! ஐயரோ அதைச் சென்னை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று சொன்னபிறகு, தஞ்சாவூரில் ஏழைப்பிள்ளைகள் பள்ளிக்கு அதை முதலாகப் போட்டார். அரசாங்கத்தின் காரியமாய்ப் போனவனுக்குக் கிடைத்தது அரசாங்கத்துக்குச் சேரும், அவ்வளவுதான் அவர் கணக்கு. பொன்மலைப் பணிமனையிலோ வேறு ஆபீசிலோ வேலை பார்க்கிற சகோதரர்கள் தீபாவளிக்கு வீடு தேடி வருகிற ஸ்வீட் பாக்ஸை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம்.

அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அடுத்த வருஷமே, 1780-ல், யுத்தம் மூண்டது. ஐதர் அலியின் படை ஊர் ஊராய்ப் பாழாக்கிக்கொண்டு வந்தது. ஆனாலும் இந்தப் பாதிரியை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று தன் தளபதிகளுக்கு அவர் கட்டளை கொடுத்திருந்தார். இரண்டு படைகளுக்கும் நடுவே ஐயர் பயமில்லாமல் போய்வந்தார்.

இதற்குள் அவர் தஞ்சாவூருக்குக் குடிபோயிருந்தார். பஞ்சம் பிடித்தது. கோட்டைக்குள் சேனையும் ஜனங்களும் பட்டினி, தெருவிலே பிணங்கள். வெளியே நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது! கொண்டுவர மாடில்லை. ஏன் இல்லை? முன்னே பாரம் சுமந்து வந்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள், மாடுகளையும் பலவந்தமாய்ப் பிடித்திருந்தார்கள். ராஜா துளஜா கூப்பிட்டார், யாரும் வரவில்லை. கம்பெனியார் கூப்பிட்டார்கள், வரவில்லை. கடைசியில் ராஜாவே, நம்முடைய பேச்சுக்கு மதிப்புப் போயிற்று, சுவார்ட்ஸ் ஐயரை நம்புவார்களா என்று பார்க்கலாம் என்றார்.

ஐயர் குடியானவர்களுக்கு ஆள் அனுப்பினார். கூலியை என் கையாலேயே கொடுப்பேன், நான் பொறுப்பு. இவ்வளவுதான் சொன்னது. இரண்டொரு நாளில் ஏறக்குறைய ஆயிரம் மாடுகள் வந்து நின்றன. பகலும் இரவும் நடந்து 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. சொன்னபடி ஒவ்வொருத்தருக்கும் காசை எண்ணிக் கொடுத்தார். நெல் மலிவாய் இருந்த காலத்திலேயே அவர் வாங்கிச் சேர்த்தும் வைத்திருந்தார், விலை ஏறினபோது விற்று லாபம் பார்க்க அல்ல, ஏழைகளுக்குச் சோறு போட. நீதிமொழிகள் 11:26-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள், காந்தி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறவர்கள் இரண்டு தரம் வாசியுங்கள்.

பின்பு இன்னொரு காலத்தில், வரிக் கொடுமைக்குப் பயந்து குடியானவர்கள் ஊரைவிட்டே ஓடிப்போனார்கள். விதைப்புக்காலம் கடந்துகொண்டிருந்தது. ராஜா வாக்குக் கொடுத்தும் திரும்பவில்லை. ஐயர் வாக்குக் கொடுத்தார், 7,000 பேர் திரும்பி வந்து இரவும் பகலும் வயலில் இறங்கினார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல, பிரியமானவர்களே. அவருடைய வேதத்தை ஏற்றுக்கொள்ளாதவர்கள் அவருடைய சொல்லை ஏற்றுக்கொண்டார்கள். சங்கீதம் 15:4-ம் மத்தேயு 5:37-ம் நாம் மனப்பாடமாய்ச் சொல்லுகிற வசனங்கள்தான். சீட்டு எடுத்தபிறகு தவணை கட்டாமல் தெருவை மாற்றிப் போகிற விசுவாசிக்கும் அது மனப்பாடம்.

1787-ல் துளஜா ராஜா சாகும்போது, சுவீகாரப் பிள்ளை சரபோஜியை ஐயர் கையில் பிடித்துக் கொடுத்தார். பத்து வயதுப் பையன். அரண்மனைக்குள்ளே அவனுக்கு ஆபத்து இருந்தது. ஐயர் அவனுக்காக அரசாங்கத்துக்கு எழுதி, 1793-ல் சென்னைக்குப் பத்திரமாய் அனுப்பி வைத்துப் படிக்கவும் செய்தார். சரபோஜி கிறிஸ்தவனாகவில்லை. ஐயர் அதற்காக அன்பைக் குறைத்துக்கொள்ளவுமில்லை. தான் வளர்த்த உபதேசியார் சத்தியநாதனை 1790-ல் குருவாக அபிஷேகம் பண்ணுவித்தார்.

1798 பிப்ரவரி 13-ந்தேதி தஞ்சாவூரில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 71. கல்யாணம் செய்துகொள்ளாதவர், சேர்ந்திருந்த பணத்தையெல்லாம் ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் எழுதி வைத்திருந்தார். இன்னும் சில மாதங்களில் தஞ்சாவூருக்கு ராஜாவாகப்போகிற சரபோஜி சவப்பெட்டி அருகே வந்து கண்ணீர்விட்டு, பொற்சரிகைத் துணியால் மூடி, கல்லறைவரைக்கும் கூடவே வந்தார். போகும் வழியில் பாட்டுப் பாடிக்கொண்டே போக ஏற்பாடு பண்ணியிருந்தார்கள். இரண்டு பக்கமும் நின்ற ஏழைகளின் அழுகைச் சத்தத்தில் பாட முடியாமல் போயிற்று.