ஜே. சி. குமரப்பா

ஜே. சி. குமரப்பா (ஜனவரி 4, 1892 – ஜனவரி 30, 1960) தமிழகப் பொருளியல் அறிஞரும் விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். முதல், வருமானம் என்னும் கணக்கியல் பகுப்பை இயற்கை வளங்களுக்குப் பொருத்திக் காட்டியவர்.

வாழ்க்கை

இவர் தஞ்சாவூரில் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். இலண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் புரிந்தார். பின்னர் அமெரிக்காவின் சிராகியூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றார். 1929இல் காந்தியைச் சந்தித்தபின் தணிக்கைத் தொழிலைத் துறந்தார். 1934இல் அமைக்கப்பட்ட அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் பணியாற்றினார். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கை அச்சங்கம் பரப்பியது. பலமுறை சிறை சென்ற இவர் மதுரையில் காலமானார்.

கருத்துகள்

சிறையில் எழுதிய 'எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்' (1945) இவரது முதன்மையான நூலாகும். நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாது ஆகியன எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. விளைபொருள் ஆண்டுதோறும் கிடைக்கும் வரவு. இருப்பை வரவாகக் கருதிச் செலவிடும் பொருளாதாரம் நிலைக்காது என்பதும், குறையும் இருப்புக்கான போட்டி போருக்கு இட்டுச் செல்லும் என்பதும் இவரது கருத்துகள்.

ஆலைகளும் சூழல் கணக்கும்

1992இல் இந்திய அரசு ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் ஆண்டறிக்கையை விதியாக்கியது. திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் போன்ற இடங்களில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவுடன் இயங்கும் ஆலைகள், செலவிட்ட நீர், மூலப்பொருள், வெளியேற்றிய மாசு, கழிவு ஆகியவற்றை அதில் காட்ட வேண்டியிருந்தது. இவ்விதி குமரப்பாவின் காலத்திற்குப் பிற்பட்டது. எனினும், இலாபம் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் குறைந்துவரும் நிலத்தடி நீர் இடம்பெறுவதில்லை. அவ்விழப்பையும் கணக்கில் கொள்ள இவரது பகுப்பு வழிகாட்டுகிறது.