ஒரு ஆணி, ஒரு ஒற்றுத்தாள்: டிரிப்பர் காபிக்கு வழிபோட்ட மெலிட்டா பென்ஸ் யார்?

சிந்தாதிரிப்பேட்டையோ அடையாறோ, பித்தளை ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு டிரிப்பரையும் வைத்திருக்கும் வீடுகள் இப்போது உண்டு. அதில் போடும் பேப்பர் ஃபில்டருக்கு வயது 100-ஐத் தாண்டிவிட்டது. அதை உருவாக்கியவர் விஞ்ஞானி இல்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் குழந்தைகளோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஒரு பெண்.

என்ன பிரச்னை?

மெலிட்டா பென்ஸ் பிறந்தது 1873 ஜனவரி 31. அன்றைய ஐரோப்பிய வீடுகளில் காபித்தூளை நேரடியாகக் கொதிக்க விடுவார்கள், இல்லையென்றால் துணியில் வடிகட்டுவார்கள். முதல் முறையில் கசப்பும் கசடும் மிச்சம். இரண்டாவதில் துணியைத் தினமும் அலச வேண்டும். சரியாக அலசாவிட்டால் பழைய வாடை அடுத்த காபியில் ஏறிவிடும்.

மெலிட்டா ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டார். மகன் வில்லியின் நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளை வெட்டி உள்ளே விரித்தார். தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினார். கசடு மேலே நின்றது, தெளிந்த காபி கீழே இறங்கியது. குடித்ததும் தாளைத் தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது.

73 ஃபெனிக் முதலீடு

1908-ல் பெர்லின் காப்புரிமை அலுவலகத்தில் இது பதிவானது. அதே ஆண்டு டிசம்பரில் நிறுவனம் தொடங்கியபோது முதலீடு 73 ஃபெனிக்; ஒரு மார்க்குகூட இல்லை. வீட்டின் ஒரு அறைதான் தொழிற்சாலை. கணவர் ஹ்யூகோவும் வேலையில் இறங்கினார், மகன்கள் தள்ளுவண்டியில் சரக்குக் கொண்டுபோனார்கள். 1909 லைப்ஸிக் சந்தையில் 1,000-க்கும் அதிகமான ஃபில்டர்கள் விற்றன.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. ஹ்யூகோ ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். காகிதத்துக்குத் தட்டுப்பாடு, காபிக்கொட்டை வரத்தும் நின்றது. ஃபில்டர் கம்பெனிக்கு இரண்டுமே இல்லையென்றால் என்ன செய்வது? மெலிட்டா அட்டைப்பெட்டி விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்.

போருக்குப் பின் தொழில் வளர்ந்து, 1929-ல் மிண்டன் நகருக்கு மாறியது. 1932-ல் பெரும்பகுதி உரிமையை மகன்களிடம் ஒப்படைத்தார். தொழிலாளர்களுக்கு கிறிஸ்துமஸ் போனஸ், வாரம் 5 நாள் வேலை, 15 நாள் வரை விடுமுறை என்று அந்தக் காலத்தில் அரிதான சலுகைகள் கிடைத்தன. கறையும் உண்டு: மகன் ஹோர்ஸ்ட் நடத்திய காலத்தில் நிறுவனம் நாஜி ஆட்சியின் முன்மாதிரி நிறுவனம் என்ற பட்டத்தைப் பெற்றது. 1950 ஜூன் 29-ல், 77 வயதில் மெலிட்டா காலமானார்.

வடிவம் மாறினால் ருசி மாறுமா?

மாறும். மெலிட்டாவின் முதல் ஃபில்டரில் அடிப்பக்கம் தட்டை, தாள் வட்டம். 1930-களில் நிறுவனம் கீழே குறுகும் வடிவத்துக்கு மாறியது. இன்றைய டிரிப்பர்களில் வித்தியாசம் இதுதான்:

* மெலிட்டா வகை: சின்ன ஓட்டை. தண்ணீர் இறங்கும் வேகத்தை டிரிப்பரே பார்த்துக்கொள்ளும். ஊற்றுவதில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் காபி கெடாது.
* ஹாரியோ வி60: 60 டிகிரி கூம்பு, பெரிய ஓட்டை. தூளின் அளவும் ஊற்றும் வேகமும்தான் ருசியைத் தீர்மானிக்கும். வேகமாக இறங்கினால் காபி சப்பென்று புளிக்கும், தேங்கி நின்றால் கசக்கும்.
* கலிட்டா வேவ்: தட்டை அடி, 3 ஓட்டைகள். தூள் சமமாகப் பரவுவதால் தினமும் ஏறக்குறைய ஒரே ருசி.

பீங்கான் டிரிப்பர் என்றால் முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்குங்க. இல்லாவிட்டால் அது காபியின் சூட்டை இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் அந்தத் தொல்லை குறைவு, விலையும் குறைவு.

நம்ம ஊர் ஃபில்டர்?

அதில் தாள் கிடையாது, உலோக ஓட்டைகள்தான். அதனால் காபியின் எண்ணெய்ச் சத்தும் டிகாஷனில் இறங்கும். பால் சேர்த்தாலும் ருசி எடுபடும். பேப்பரோ அந்த எண்ணெயைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது. கொலஸ்ட்ராலை ஏற்றும் கஃபெஸ்டால் அதில்தான் இருக்கிறது.

ஆக, பால் காபிக்கு பித்தளை ஃபில்டரே போதும். பிளாக் காபி குடிப்பவர், புதிதாகத் தொடங்குபவர் என்றால் சின்ன ஓட்டை அல்லது தட்டை அடி டிரிப்பர் வாங்கலாம். ஒன்று மட்டும் கவனம்: சிக்கரி கலந்த நைஸ் தூளை பேப்பரில் போடாதீங்க. அடைத்துக்கொள்ளும்.