மானத்தின் வழி திறந்த அய்யன்காளி

திருவனந்தபுரத்திலே, கிழக்குக் கோட்டை தொடங்கிக் கிள்ளிப்பாலம்வரை நீண்டு கிடக்கும் கடைவீதிக்குச் சாலை என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த அங்காடி அது. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தும் இடம். தமிழில் சாலை என்றால் யாவரும் செல்லும் பொதுவழி என்று பொருள். ஆயினும் பழைய திருவிதாங்கூரில் பொதுவழிகளும் சந்தைகளும் யாவர்க்கும் உரியனவாய் இருந்ததில்லை. அவற்றைத் திறக்கப் போராடிய பெருமகன் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

நகருக்குத் தெற்கேயுள்ள வெங்ஙானூரில் 1863 ஆகஸ்டு 28இல் அய்யன், மாலை என்னும் புலையர் குலப் பெற்றோர்க்கு மகனாய்ப் பிறந்தார் அய்யன்காளி. அந்நாட்டில் அடிமைமுறை 1855இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டிருந்தது. எனினும் உழைக்கும் அம்மக்களுக்கு நல்லாடை இல்லை, பள்ளி இல்லை, தெருவில் நடக்கும் உரிமையும் இல்லை. அய்யன்காளியும் எழுத்தறியாதவராகவே வளர்ந்தார்.

1893ஆம் ஆண்டில் அவர் இரு வெள்ளைக் காளைகளையும் ஒரு வில்வண்டியையும் வாங்கினார். வெள்ளாடை உடுத்துத் தலைப்பாகை கட்டி, மணியொலிக்க அரச வழியிலே வண்டியைச் செலுத்தினார். மறித்தோரைக் கண்டு அவர் பின்வாங்கவில்லை. 1898இல் அவரும் அவருடைய தோழரும் வழிநடை உரிமைக்காகச் சென்றபோது பாலராமபுரத்தில் பெருங்கலகம் மூண்டது.

ஒரு வண்டிக்காக இத்துணைப் பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மனிதநேய உளவியல் இதற்கு விடை தருகிறது. பிறர் நம்மை நோக்கும் நோக்கிலிருந்தே நம்மைப் பற்றிய எண்ணம் பெரிதும் உருவாகிறது என்றும், நிபந்தனையின்றி மதிக்கப்படும்போதே உள்ளம் தழைக்கிறது என்றும் கார்ல் ராஜர்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் விளக்கினார். இழிந்தவன் என்று நாள்தோறும் சொல்லக் கேட்டவன், ஈற்றில் தானும் அதை நம்பிவிடுகிறான். அய்யன்காளியின் வண்டி அந்த நம்பிக்கையையே உடைத்தது. வழியோரத்தில் நின்று கண்ட தம் மக்களுக்கு, அவர்களும் நிமிர்ந்து செல்லக்கூடியவர்களே என்பதைக் காட்டிற்று.

1907இல் அவர் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். தம் குலச் சிறுவரைப் பள்ளியிற் சேர்க்க மறுத்தபோது, வயல்களில் எவரும் இறங்க வேண்டாம் என்று அறிவித்தார். கூலி உயர்வும் ஓய்வுநாளும் கூட அப்போராட்டத்தின் கோரிக்கைகளாயின. நிலங்கள் தரிசாய்க் கிடந்தன. குடிசைகளில் பசி புகுந்தது. மீனவரோடு பேசித் தம் மக்களுக்குப் படகுகளில் வேலை தேடித் தந்தார். மக்கள் பணியவில்லை.

மனிதத் தேவைகளை ஒரு படிக்கட்டாக வகுத்தவர் ஆபிரகாம் மாஸ்லோ. 1943இல் அவர் வெளியிட்ட கொள்கைப்படி உணவு முதற்படி, பாதுகாப்பு அடுத்தது, அதன்மேல் அன்பும் உறவும், பின்னர் மதிப்பு, உச்சியில் தன் ஆற்றல் முழுவதும் மலரும் நிலை. ஆயினும் இவ்வரிசை எவர்க்கும் மாறாததன்று என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். அக்கொள்கை எழுதப்படுமுன்னரே, அரைவயிற்றுக் கஞ்சியையும் இழக்கத் துணிந்து எழுத்தைக் கேட்டனர் வெங்ஙானூர் மக்கள். ஏழைக்குச் சோறு போதும், மானம் பிறகு ஆகட்டும் என்போர்க்கு அவர்களுடைய பசியே மறுமொழி.

ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் கைப்பிடித்து அழைத்துச் சென்றபோது அப்பள்ளிக்கே தீ வைத்தனர். இன்று அப்பள்ளி அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. 1915இல் அவருடைய அழைப்பை ஏற்று, தாழ்வின் அடையாளமாய்க் கழுத்திற் கிடந்த கல்மாலைகளைப் பெண்கள் அறுத்தெறிந்தனர்.

1911இல் ஸ்ரீமூலம் பிரஜாசபைக்கு உறுப்பினராய் நியமிக்கப்பட்ட அய்யன்காளி, நிலமும் கல்வியும் வேண்டி அங்கு இடைவிடாது வாதாடினார். 1937இல் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, தம் குலத்தில் பத்துப் பட்டதாரிகளைக் கண்டுவிட்டுக் கண்மூட வேண்டும் என்னும் ஆசையை அவரிடம் தெரிவித்தார். 1941 ஜூன் 18இல் மறைந்தார்.

அன்பர்களே! தாம் கல்லாத எழுத்தைத் தம் மக்கள் கற்க வேண்டுமென்று உழைத்தவர் அவர். நம் இல்லத்துப் பிள்ளை பள்ளியில் முதலிடம் பெறினும் பெறாவிடினும் அவனை மதிப்போமாக. வெளியே உலகம் மறுக்கும் மதிப்பை வீட்டிலும் நாம் மறுத்துவிட்டால், அப்பிள்ளை அதனை வேறெங்கே பெறுவான்?