தாவர இயல் அறிஞர் ஜானகி அம்மாள்

மலையாள நாட்டின் வடபகுதியில், கடலை அடுத்து, தலைச்சேரி என்னும் பழைய பட்டினம் உள்ளது. அவ்வூரில் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் ஜானகி அம்மாள் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் இ. கே. கிருஷ்ணன் துணை நீதிபதியாகப் பணி புரிந்தவர். நீதிமன்றத்திலிருந்து திரும்பியதும் தோட்டத்தில் புகுந்து செடி கொடிகளைப் பேணுவதிலும், பறவைகளைக் கூர்ந்து நோக்கிக் குறிப்பெழுதுவதிலும் இன்புற்றவர். அக்குடும்பத்தில் மக்கள் பலர். பெண்மக்களுக்கு இளமையிலேயே மணம் முடித்து வைப்பது அக்கால வழக்கம். ஜானகியோ மணத்தை விரும்பாது கல்வியை விரும்பினார்.

தலைச்சேரியில் பள்ளிக் கல்வி முடிந்ததும் அவர் சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921ஆம் ஆண்டில் தாவர இயலில் சிறப்புப் பட்டம் பெற்றார். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகவும் அமர்ந்தார். ஆசிய நாட்டுப் பெண்களின் உயர்கல்விக்கென அமெரிக்காவில் பார்பர் என்பவர் நிறுவிய உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. கடல் கடந்து மிச்சிகன் பல்கலைக் கழகத்தை அடைந்து, ஆங்கு ஆராய்ச்சி செய்து, 1931ஆம் ஆண்டில் அறிவியல் அறிஞர் என்னும் உயர்ந்த பட்டத்தைப் பெற்றார். பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதே அரிதாயிருந்த காலம் அது.

அவருடைய ஆராய்ச்சி எத்தகையது என்பதைச் சிறிது அறிந்துகொண்டால்தான் அவர் வாழ்க்கையின் பிற்பகுதி விளங்கும். எல்லா உயிர்களின் உடலும் நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் குரோமோசோம்கள் என்னும் மெல்லிய இழைகள் உள்ளன. தாயின் இயல்பும் தந்தையின் இயல்பும் பிள்ளைக்கு வந்து சேர்வது இவ்விழைகளின் வாயிலாகவே. தாவரங்களில் ஒரு புதுமை உண்டு. சில செடிகளில் இவ்விழைகளின் தொகுதி இரட்டித்தும், சிலவற்றில் மேலும் பெருகியும் காணப்படும். அவ்வாறு பெருகிய செடி சிற்சில வேளைகளில் பழைய இனத்தினின்று வேறுபட்டுப் புதிய இனமாகவே நிலைத்துவிடும். நுண்ணோக்கியின் கீழ் இவ்விழைகளை எண்ணி, எச்செடி எச்செடியோடு உறவுடையது, எது எங்கே தோன்றி எங்கே பரவியது என்று ஆராய்வதே ஜானகி அம்மாள் தம் வாழ்நாள் முழுதும் மேற்கொண்ட பணி.

திருவனந்தபுரத்தில் இரண்டாண்டுகள் பேராசிரியராய் இருந்தபின், 1934ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். 1912ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அந்நிலையத்தின் வரலாறு மாணவர் அறியத்தக்கது. பருத்த, இனிய சாறுடைய கரும்பு வடநாட்டுக் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. அறிஞர்கள் அதனோடு நாணலைக் கலந்து புதிய கரும்பை உண்டாக்கினார்கள். 1918ஆம் ஆண்டில் உழவர்க்கு வழங்கப்பட்ட கோ 205 என்னும் கரும்பு அவ்வாறு பிறந்ததே. நாணலும் கரும்பும் உறவினர் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆற்றோரங்களில் ஒருவரும் நடாமல், ஒருவரும் நீர் பாய்ச்சாமல் வெண்பூப் பூத்து நிற்கும் அப்புல்லில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் உறுதி உண்டு. அந்த உறுதிதான் கரும்புக்குள் புகுந்து வடநாட்டு உழவரின் வயல்களை வாழ வைத்தது. ஜானகி அம்மாள் நாணலின் குரோமோசோம்களை எண்ணி, நாட்டின் பல பகுதிகளில் அது வளரும் வகைகளை ஒப்பிட்டு, அதன் பிறப்பிடம் இந்தியாவே என்பதற்குச் சான்று காட்டினார். கரும்பை மக்காச்சோளத்தோடும் பிற புல்லினங்களோடும் கலந்து புதிய செடிகளை வளர்த்தார். ஒரு பெண் ஆராய்ச்சிக் கூடத்தில் தனித்து நின்று பெயர் பெறுவதை அந்நாளில் எல்லாரும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் இங்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1939ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் கூடிய மரபியல் மாநாட்டிற்குச் சென்றிருந்தபோது உலகப்போர் மூண்டது. திரும்பி வர இயலாமல் ஆங்கில நாட்டிலேயே தங்கி, இலண்டனை அடுத்திருந்த ஜான் இன்னஸ் நிலையத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இரவில் விமானங்கள் குண்டு மழை பொழியும்போது கட்டிலின் அடியில் ஒடுங்கிக் கிடப்பார். விடிந்ததும் உடைந்த கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு நுண்ணோக்கியின் முன் அமர்வார். டார்லிங்டன் என்னும் அறிஞரோடு சேர்ந்து, பயிர்செய்யப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்துப் பெருநூல் ஒன்றை 1945ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் விஸ்லி என்னும் இடத்திலுள்ள தோட்டக்கலைக் கழகத்தில் பணியாற்றினார். நம் நாட்டுச் செண்பகத்திற்கு நெருங்கிய உறவாகிய மக்னோலியா மரங்களின் நாற்றுகளுக்கு ஒரு மருந்திட்டு, அவற்றின் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்தார். அவ்வாறு வளர்ந்த மரவகை ஒன்று இன்றும் அவர் பெயரையே தாங்கி வெண்மலர் பூக்கிறது.

விடுதலை பெற்ற இந்தியா அவரை அழைத்தது. 1951ஆம் ஆண்டில் பிரதமர் நேரு, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைத்துத் தருமாறு வேண்டினார். அத்துறை 1890ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் தோற்றுவிக்கப்பட்டது. நம் காடுகளில் திரட்டிய உலர்செடிகள் பலவும் கப்பலேறி அயல்நாட்டுக் காட்சிச்சாலைகளுக்குச் சென்றிருந்தன. நம் மண்ணில் முளைத்த ஒரு செடியின் பெயரை அறிய நம்மவர் இலண்டனுக்குச் செல்ல வேண்டியிருந்தது. இந்நிலை மாறி, இந்நாட்டுத் தாவரங்களை இந்நாட்டாரே இங்கிருந்து ஆராய வேண்டும் என்பதில் அம்மையார் உறுதியாக நின்றார்.

தமிழ் கற்பிப்பார்க்கு இக்கருத்து எளிதில் விளங்கும். குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் அடுக்கிச் சொல்லப்பட்டுள்ளன. பாடம் நடத்தும்போது பல பெயர்களுக்கு ஒருவகைப் பூ என்று பொருள் கூறிக் கடந்து செல்கிறோமே, அதன் பொருள் என்ன? பெயர் ஏட்டில் இருக்கிறது. பூ எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை. பெயரறியாத செடியைக் காப்பாற்ற எவரும் முன்வருவதில்லை.

இந்தியா திரும்பியதும் அம்மையார் நாடெங்கும் சுற்றினார். இமயத்தின் கிழக்குப் பகுதி குளிரும் ஈரமும் உடையது. மேற்குப் பகுதி குளிரும் வறட்சியும் உடையது. கிழக்கில் குரோமோசோம் பெருகிய தாவரங்கள் மிகுதியாக இருப்பதையும், புதிய இனங்கள் அங்கே மிகுதியாகத் தோன்றியிருப்பதையும் அவர் கண்டார். சீன நாட்டுத் தாவரங்களும் மலேயா நாட்டுத் தாவரங்களும் இந்தியத் தாவரங்களோடு அங்கே கலந்ததும் ஒரு காரணம் என்றார். தட்பவெப்பம் உயிரினத்தை உருவாக்குகிறது என்னும் உண்மை இதனால் புலப்படும். ஆயின் அவ்வுருவாக்கத்திற்குப் பன்னெடுங்காலம் வேண்டும். அழிப்பதற்கோ ஒரு நாள் போதும். அதனையும் அவர் கண்ணாரக் கண்டார். ஷில்லாங் நகரிலிருந்து 37 மைல் தொலைவு சென்று, அப்பகுதியில் தனித்து நின்ற அரிய மக்னோலியா மரம் ஒன்றைத் தேடினார். அம்மரம் எரிக்கப்பட்டுக் கிடந்தது!

உணவுப் பெருக்கத்தின் பெயரால் காடுகள் வெட்டப்பட்ட காலம் அது. நாட்டில் பஞ்சம் இருந்தது, விளைநிலம் வேண்டியிருந்தது, அரசைக் குறை சொல்லிவிடுவது எளிது. அம்மையாரும் நல்ல கரும்பை உருவாக்கும் பணியிலே பல்லாண்டு உழைத்தவர்தாம். பயிரின் வலிமை காட்டுச் செடியிடமிருந்து வருகிறது என்பதை ஆராய்ச்சிக் கூடத்தில் கண்டவர் ஆதலின், காட்டை அழித்துப் பயிரை வளர்ப்பது வேரை வெட்டிக் கிளைக்கு நீரூற்றுவது போன்றது என்று உணர்ந்தார். 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் பூமியின் முகத்தை எவ்வாறு மாற்றிவிட்டான் என்று ஆராய அறிஞர் பேரவை ஒன்று கூடிற்று. அதற்கு அழைக்கப்பெற்ற ஒரே பெண்மணி ஜானகி அம்மாள். மலைவாழ் மக்கள் காட்டுச் செடிகளை உணவாகவும் மருந்தாகவும் பயன்கொள்ளும் அறிவைப் போற்றி அங்கே அவர் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டில் மிச்சிகன் பல்கலைக் கழகம் அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கிற்று. 1977ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

1970ஆம் ஆண்டில் அவர் சென்னைக்கு வந்து, மதுரவாயலில் இருந்த பல்கலைக் கழகத் தாவர ஆய்வுக் களத்தில் தங்கினார். எளிய வாழ்வு, மஞ்சள் நிறச் சேலை, சுற்றிலும் மருந்துச் செடிகள். வயது எழுபதைக் கடந்திருந்தது. ஓய்வு என்னும் சொல் அவர் அகராதியில் இடம்பெறவில்லை போலும். இந்நிலையில்தான் அமைதிப் பள்ளத்தாக்குப் பூசல் எழுந்தது.

பாலக்காட்டு மாவட்டத்தில் குந்திப்புழை பாயும் அடர்ந்த மழைக்காடு அமைதிப் பள்ளத்தாக்கு எனப்படும். அவ்வாற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்திற்கு 1973ஆம் ஆண்டில் ஒப்புதல் கிடைத்தது. மலபார்ப் பகுதிக்கு மின்சாரம் தேவைதான். தொழிலும் வேலையும் வேண்டுமென்று கேட்டவர்களைப் பகைவர் என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் அணை எழுந்தால் நீரில் மூழ்குவது மனிதன் நட்டு வளர்க்க முடியாத காடு. சிங்கவால் குரங்கின் உறைவிடம் அது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து மக்களிடையே உண்மையை எடுத்துச் சொல்லிற்று. பறவை அறிஞர் சாலிம் அலி போன்றோர் குரல் கொடுத்தனர். ஜானகி அம்மாளும் எதிர்ப்பில் சேர்ந்தார். வெறும் எதிர்ப்போடு அவர் நிற்கவில்லை. அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து பதிவுசெய்யும் பணியை, எண்பதை எட்டிய வயதில், மேற்கொண்டார். அணையைத் தடுக்க முடியாமற் போனாலும், அங்கே என்ன இருந்தது என்பதேனும் உலகுக்குத் தெரிய வேண்டுமன்றோ!

அக்காடு போன்றவற்றின் அருமை இன்று மேலும் தெளிவாகத் தெரிகிறது. தேனி மாவட்டத்துக் கடமலைக்குண்டை எடுத்துக்கொள்வோம். வருசநாட்டு மலைகளில் தோன்றும் மூல வையை அவ்வூர் வழியே வருகிறது. மழைக்காலத்தில் கரைபுரளும் அவ்வாறு கோடையில் மணற்பரப்பாய்க் கிடக்கும். மலையுச்சியில் சோலைக்காடு இருந்தால், பெய்த மழையை இலைச்சருகும் வேரும் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக ஓடையில் விடும். காடு குறைந்தால் வந்த நீர் வந்த வேகத்திலேயே ஓடிப்போகும். உலகம் முழுதும் வெப்பம் ஏறி வரும் இந்நாளில் மழையும் முறை தவறுகிறது. சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் பல வாரங்கள் மறைந்துவிடுகிறது. மலையுயிர்களுக்கு வேறொரு துன்பமும் உண்டு. குளிர்ச்சியை நாடும் செடியும் சிற்றுயிரும், அடிவாரம் வெம்மையுறும்போது சிறிது சிறிதாக மேலேறிச் செல்லும். உச்சியை அடைந்தபின் ஏறுவதற்கு மலை ஏது? இடையிலே காடு துண்டுபட்டுக் கிடந்தால் உச்சிவரை செல்லவும் வழியிராது. இம்மலைகளும் திருவில்லிப்புத்தூர்க் காடுகளும் 2021ஆம் ஆண்டில் ஒரே புலிகள் காப்பகமாக இணைக்கப்பட்டன. புலிக்காக என்று பெயர் இருப்பினும், அதனால் வழி பெறுவன பெயர் தெரியாத எத்தனையோ உயிர்கள்.

1983ஆம் ஆண்டில் அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் ஜானகி அம்மாள் மதுரவாயலில் காலமானார். அப்போது அவருக்கு அகவை எண்பத்தாறு. அதே ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பைக் கேட்க அவர் இல்லை.

2019ஆம் ஆண்டில் இந்திய அறிஞர் சிலர், மேற்கு மலைத்தொடரில் வாழும் பல்லி ஒன்றை ஆராய்ந்தனர். அதுவரை ஒரே இனம் என்று கருதப்பட்டிருந்த அப்பல்லி, உண்மையில் தனித்தனி மலைகளில் வாழும் பல இனங்கள் என்பது தெரியவந்தது. புதியனவாகக் கண்ட ஆறு இனங்களுக்கும் பெயர் சூட்ட வேண்டியிருந்தது. ஓர் இனத்திற்கு ஜானகி அம்மாளின் பெயரை இட்டார்கள். மற்றோர் இனத்திற்கு, கடமலைக்குண்டிற்குத் தென்மேற்கே உயர்ந்து நிற்கும் மேகமலையின் பெயரை இட்டார்கள்.